குண்டுப் பருந்தா, ஒல்லிப் பருந்தா... மேல போறது யாரு?

குற்றாலத்துக்கு எல்லாரும் தண்ணிக்காக வர்றாங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் எண்ணெய் மசாஜ், அப்புறம் பேரருவிக்கு அடியில தலையைக் குனிஞ்சு ஒரு மணி நேரம், அப்புறம் ஈரத் துண்டோட பார்டர் புரோட்டா. அவ்வளவுதான் டூர். வந்தவங்கள்ல ஒருத்தர்கூட தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்கறதில்லை. பார்த்தா டிக்கெட் இல்லாமலே ஒரு ஏர் ஷோ ஓடிக்கிட்டு இருக்கும்!

ஷோவோட ஹீரோ பருந்து. தென்காசி கோயில் கோபுரத்துக்கு மேலேயும் அதே பார்ட்டிதான். இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காம, வட்டம் போட்டுப் போட்டு மேல போய், புள்ளியாகி, அப்படியே காணாமப் போயிடும். செம்பருந்தா இருந்தா எங்க ஆச்சி ‘ஏலே, கருடன் சுத்துது, கும்பிட்டுக்கோ’ன்னு கன்னத்துல போட்டுக்குவா. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற நமக்கு பக்தியோட சேர்ந்து ஒரு டவுட்டும் வருது. பெட்ரோல் இல்லாம பைக் பத்தடி நகராது, இந்த ஆளு மட்டும் எந்த பங்க்ல டேங்க் ஃபில் பண்றார்?

பதில் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தெர்மல்! வெயில் பட்டு தரை சூடாகுது. தரை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சூடாகாது. வயல்ல தண்ணி நின்னா லேட்டு, பாறையும் தார் ரோடும்னா சீக்கிரம். அதிகமா சூடான இடத்துக் காத்து லேசாகி, பாத்திரத்துல பால் பொங்கற மாதிரி மேல கிளம்புது. அந்தத் தூணுக்குள்ள நுழைஞ்சு சுத்திக்கிட்டே இருந்தா லிஃப்ட்ல ஏறின மாதிரி. பருந்து அப்பவும் கீழதான் இறங்கிக்கிட்டு இருக்கு, ஆனா அது இறங்கறதைவிட வேகமா காத்து ஏறுது. நாம எஸ்கலேட்டர்ல ரெண்டு படி கீழ வந்தாலும் மாடிக்குப் போயிடறோமே, அந்தக் கதைதான்.

இந்த வாரம் நம்ம மேட்டர் தெர்மல் இல்லை. ஒரே தெர்மலுக்குள்ள ரெண்டு பேர் போனா யாரு சீக்கிரம் மேல போவாங்க? எடை குறைஞ்சவரா, இறக்கை பெரிசா இருக்கிறவரா? ‘இது என்ன கேள்வி, வெயிட் கம்மின்னா ஈஸிதானே’ன்னு சொல்றவங்க கொஞ்சம் வெயிட் பண்ணுங்க. உலக அளவுல கிளைடர் ரேஸ் ஓட்டறவங்க, கிளம்பும்போது இறக்கைக்குள்ள நூறு லிட்டருக்கு மேல தண்ணியை ஊத்திக்கிட்டுப் போறாங்க. குடிக்க இல்லை. எடையை ஏத்தறதுக்காக, வேணும்னே!

எஞ்சினே இல்லாத விமானத்துல எதுக்கு பாரம் ஏத்தறாங்க? அதைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போதும். மொத்த எடையை இறக்கையோட பரப்பளவால வகுங்க. வர்ற விடைக்கு ‘விங் லோடிங்’னு பேரு. ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் எத்தனை கிலோ தூக்குதுங்கிற கணக்கு.

நம்ம ஊர் கரும்பருந்து சுமாரா முக்கால் கிலோ சொச்சம் இருக்கும். விங் லோடிங் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ பக்கம். ஆப்பிரிக்காவுல இருக்கிற வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகு ஒண்ணை அளந்தா 5.4 கிலோ, இறக்கை 0.69 சதுர மீட்டர். லோடிங் கிட்டத்தட்ட 8 கிலோ. பாராகிளைடர்ல தொங்கற ஒரு ஆளு, துணி, சீட் எல்லாம் சேர்த்து 95 கிலோ, இறக்கை 25 சதுர மீட்டர்னு வெச்சா 3.8. ஜெர்மனிக்காரங்க செஞ்ச ஏஎஸ்கே-21ங்கிற ரெண்டு சீட் டிரெயினிங் கிளைடர் முழு எடையில 600 கிலோ, இறக்கை 18 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி; லோடிங் 33. நாம மதுரையிலேருந்து சென்னைக்கு ஏறிப் போற ஏர்பஸ் 320-க்கு 600-ஐத் தாண்டும்.

லிஸ்ட்டைப் பார்த்தீங்களா? பருந்துக்குப் பக்கத்து வீடு பாராகிளைடர்தான். மனுஷன் நூறு மடங்கு எடையா இருந்தாலும், துணியை அகலமா விரிச்சுப் பருந்து ரேஞ்சுக்கு வந்துட்டான்.

இந்த ஒரு நம்பர் எதையெல்லாம் தீர்மானிக்குது? முதல்ல வேகத்தை. இறக்கை தூக்கற விசை வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்ததுன்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சிருப்போம், பரீட்சை முடிஞ்சதும் மறந்திருப்போம். எடை கூடினா அதைத் தூக்க வேகம் கூடணும். எடை 44 சதவிகிதம் கூடினா வேகம் 20 சதவிகிதம் கூடும், 1.2-ஐ 1.2-ஆல பெருக்கிப் பாருங்க. பறக்கற வேகம் மட்டுமில்லை, கீழ இறங்கற வேகமும் அதே 20 சதவிகிதம் கூடும்.

ரெண்டும் ஒரே அளவு கூடினா என்ன அர்த்தம்? ஒரு உயரத்திலேருந்து கிளம்பினா போற தூரம் மாறாது! குண்டு கிளைடரும் ஒல்லி கிளைடரும் ஒரே இடத்துலதான் போய் விழும். குண்டு முதல்ல போய்ச் சேரும், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இதை நம்ப ரெண்டு நாள் ஆச்சு.

நம்பாதவங்களுக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு எக்ஸ்பெரிமென்ட். தெர்மோகோல்ல ஒரு கிளைடர் வெட்டுங்க. இறக்கை ஒரு மீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் அகலம். மொத்த எடை 120 கிராம்னு வெச்சுக்குவோம். காத்தில்லாத சாயங்காலமா பத்து மீட்டர் உயரத்திலேருந்து மெதுவா விடுங்க. ஒரு மீட்டர் இறங்கறதுக்குள்ள எட்டு மீட்டர் முன்னால போகிற மாதிரி செஞ்சிருந்தா, 80 மீட்டர் தள்ளி, 17 செகண்டுல தரையைத் தொடணும். அடுத்தது, மஞ்சள் கலர் 5 ரூபாய் காயின் ஒன்பது எடுங்க. ஒண்ணு சுமார் 6 கிராம். அந்தப் பழைய தடி காயின் வேணாம், அது 9 கிராம். கிளைடரை விரல் நுனியில வெச்சா எந்த இடத்துல பேலன்ஸ் ஆகுதோ, கரெக்டா அங்கேயே காயினை ஒட்டணும். மூக்குல ஒட்டினீங்கன்னா நேரா வாட்ச்மேன் தலையிலதான் லேண்டிங். மறுபடி விடுங்க. கணக்குப்படி அதே 80 மீட்டர்தான், ஆனா சுமார் பதினாலு செகண்டுல முடிஞ்சிடும். (நம்ம சைஸ் மாடல்ல கணக்கு அச்சு அசலா வராது. சின்ன இறக்கையும் குறைஞ்ச வேகமும் சேர்ந்தா காத்தோட இழுப்பு வேற மாதிரி வேலை செய்யும், சில சமயம் காயின் வெச்சது கூடுதல் தூரமே போகும். கேள்வி கேட்கிற லெக்சரர்கிட்ட ‘ரெனால்ட்ஸ் நம்பர் சார்’னு சொல்லித் தப்பிச்சுக்குங்க.)

சரி, நேர்ப் பாதையில குண்டுக்கு நஷ்டமே இல்லை. வட்டம் போடும்போதுதான் மாட்டுவார். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு மலை ரோட்டுல பைக் ஓட்டியிருக்கீங்களா? மெதுவா வந்தா சின்ன வளைவுல திரும்பிடலாம். வேகமா வந்தா ரோடு முழுசும் வேணும், பத்தாம எதிர்ல வர்ற லாரியோட பாதியும் வேணும். காத்துலயும் அதேதான். ஒரே சாய்வுல திரும்பினா, வட்டத்தோட ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தின் வர்க்கம் விங் லோடிங்கைப் பொறுத்தது. சுருக்கமா, லோடிங் ரெண்டு மடங்கானா வட்டமும் ரெண்டு மடங்கு.

தெர்மல் எல்லா இடத்துலயும் ஒரே பலத்தோட இருந்தா இது பிரச்னையே இல்லை. அது அப்படி இருக்காது. நடுவுல வேகம் ஜாஸ்தி, ஓரத்துக்குப் போகப் போக கம்மி. பேச்சுக்கு ஒரு சின்ன தெர்மல் எடுத்துக்குவோம். நடுவுல செகண்டுக்கு 3 மீட்டர் ஏறுது, கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு 60 மீட்டர் தள்ளிப் போனா ஒண்ணுமில்லை. பாராகிளைடர் செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல 25 டிகிரி சாய்ஞ்சா 22 மீட்டர் ஆரத்துல சுத்திடும். அங்கே காத்து 2.6 மீட்டர் ஏத்துது, தான் இறங்கறது 1.3 போக, செகண்டுக்கு 1.3 மீட்டர் லாபம். அதே தெர்மல்ல மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு கிளைடர் வந்து 35 டிகிரி சாய்ஞ்சா ஆரம் 70 மீட்டர். தெர்மலுக்கு வெளியவே ஊர்கோலம்! 45 டிகிரிக்குச் சாய்ச்சு உள்ளே புகுந்தாலும், அந்தச் சாய்வே இறங்கற வேகத்தைக் கூட்டிடும். ஏறினது எல்லாம் இறங்கினதுக்குச் சரியாப் போச்சு.

இதைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, நம்ம நாட்டுலயே ஒரு ஆளு கண்ணால பார்த்து எழுதி வெச்சிருக்கார். எர்னெஸ்ட் ஹான்பரி ஹான்கின். ஆக்ராவுல அரசாங்கப் பாக்டீரியா நிபுணர். கங்கை, யமுனைத் தண்ணியில காலரா கிருமி சாகுதுன்னு 1896-ல எழுதினவர் இவர்தான். லேப் வேலை போக மிச்ச நேரமெல்லாம் வானத்தைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். 1913-ல பறவைகள் பறக்கறதைப் பத்தி ‘அனிமல் ஃப்ளைட்’னு ஒரு புத்தகமே போட்டார். அவர் கவனிச்சது ரொம்ப சிம்பிளான விஷயம். காலையில வெயில் ஏறும்போது இறக்கையடிக்காம சுத்த ஆரம்பிக்கிற முதல் ஆள் பருந்து. பிணந்தின்னிக் கழுகுகள் அதுக்கு அப்புறம்தான் கிளம்பும். லோடிங் குறைஞ்சவங்களுக்கு ஃபர்ஸ்ட் பஸ், கனமானவங்களுக்கு அடுத்த பஸ். காலைத் தெர்மல் பொடிசு, பலமும் கம்மி. அதுல பருந்து மட்டும்தான் நுழைய முடியும். கழுகுக்கு அகலமான, பலமான தெர்மல் வேணும், அதுக்கு வெயில் உறைக்கணும்.

(அந்தக் கழுகுகளை இன்னிக்கு ஆக்ராவுல மட்டுமில்லை, எங்கே தேடினாலும் அபூர்வம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசி, செத்த மாட்டைத் தின்ன கழுகுகளோட கிட்னியைக் காலி பண்ணிடுச்சு. கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் போட 2006-ல இந்தியாவுல தடை வந்தது. தமிழ்நாட்டுல நீலகிரிக்குக் கீழ மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் மிச்சம் இருக்கு.)

ஹான்கினுக்கு அப்புறம் இந்த விஷயத்தைக் கையில எடுத்தவர் இங்கிலாந்துக்காரர் காலின் பென்னிக்விக். கிழக்கு ஆப்பிரிக்காவுல ஒரு மோட்டார் கிளைடரை எடுத்துக்கிட்டு கழுகுகளோடயே சுத்தி, 1972-ல அதை எழுதினார். ஆராய்ச்சின்னா இப்படி இருக்கணும் பாஸ்! பின்னால பனாமாவுல மூணு பறவைகளோட வட்டத்தை அளந்து 1983-ல வெளியிட்டார். ஃப்ரிகேட்னு ஒரு கடல் பறவை, ஒரு கூழைக்கடா, ஒரு கறுப்புக் கழுகு. மூணுக்கும் உடம்பு வேற, தொழில் வேற. ஆனா மூணும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாய்ஞ்சு சுத்துச்சு. ஃப்ரிகேட்டுக்கு லோடிங் 3.7 கிலோ, வட்டத்தோட ஆரம் 12 மீட்டர் பக்கம். மத்த ரெண்டுக்கும் லோடிங் 6 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, ஆரம் 17, 18 மீட்டர். விங் லோடிங் சொன்னபடியே வட்டம்!

பனாமா வரைக்கும் போக பஸ் காசு இல்லாதவங்க, திருநெல்வேலி மாவட்டத்துல நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குப் போங்க. கூழைக்கடா கூட்டமா தெர்மல்ல சுத்தறதைப் பார்க்கலாம். எடை ஒவ்வொண்ணும் 4 கிலோவுக்குக் குறையாது, அதனால சாவகாசமா வெயில் ஏறினப்புறம்தான் கிளம்புவாங்க. வட்டமும் பெரிசு. அதே குளத்துக்கு இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்து இன்னொரு ரகம். கனமான உடம்பு, அதுக்கு ஏத்த பெரிய இறக்கை இல்லை. தெர்மலை நம்பிக்கிட்டு உட்கார முடியாது, அதனால மலை மேல வரைக்கும் இறக்கையடிச்சே வருது. பாவம், முழுக்க முழுக்க சொந்த பெட்ரோல்.

இப்போ அந்தத் தண்ணி ஊத்தற கதைக்கு வருவோம். வட்டம் போடறதுல ஒல்லி ஜெயிக்கும், நேரா போறதுல குண்டு ஜெயிக்கும். ரேஸ்ல ரெண்டும் உண்டு. ஒரு தெர்மல்ல ஏறணும், அடுத்த தெர்மலுக்கு ஓடணும், மறுபடி ஏறணும்.

தென்காசிக்கு மேல 1000 மீட்டர் உயரத்துல ரெண்டு கிளைடர். ரெண்டும் ஒரே மாடல், ஒரு மீட்டர் இறங்கறதுக்குள்ள 40 மீட்டர் போகும். ஒண்ணு காலி டேங்க், மணிக்கு 100 கிலோமீட்டர். இன்னொண்ணு தண்ணி நிரப்பி 44 சதவிகிதம் எடை கூட்டினது, மணிக்கு 120. திருநெல்வேலியைப் பார்த்து விட்டா ரெண்டும் 40 கிலோமீட்டர் போய், ஊருக்குக் கொஞ்சம் முன்னாடி தரைமட்டத்துக்கு வந்துடும். ஒல்லிக்கு 24 நிமிஷம், குண்டுக்கு 20 நிமிஷம். இந்த 40 கிலோமீட்டருக்கான 1000 மீட்டரை அவங்க முதல்ல ஏறிச் சம்பாதிச்சிருக்கணுமே? நல்ல வெயில் நாள்ல ஒல்லி செகண்டுக்கு 2.5 மீட்டர் ஏறுது, குண்டு 2.2 மீட்டர்னு வைங்க. ஒல்லிக்கு 6.7 நிமிஷம், குண்டுக்கு 7.6. ஏறினதையும் ஓடினதையும் கூட்டினா ஒல்லி கிட்டத்தட்ட 31 நிமிஷம், குண்டு 28. குண்டு ஜெயிச்சாச்சு! மேகம் போட்ட சோம்பேறி நாள்ல ஒல்லி 0.8 மீட்டர், குண்டு 0.4 மீட்டர்தான் ஏறுதுன்னா? ஒல்லிக்கு மொத்தம் 45 நிமிஷம், குண்டுக்கு 62 நிமிஷம். அதுவும் கீழ விழாம இருந்தா.

அதனாலதான் தண்ணி. இரும்புக் கட்டியை வெச்சா நடுவானத்துல தூக்கிப் போட முடியாது. தண்ணின்னா ஒரு வால்வைத் திறந்தாப் போதும். நாள் நல்லா இருக்கிறவரைக்கும் குண்டா ஓடிட்டு, தெர்மல் சோர்ந்து போனா திறந்து விட்டு ஒல்லியாயிடலாம். இறங்கறதுக்கு முன்னாடியும் கொட்டிடுவாங்க. கொட்டினது கொட்டினதுதான், மறுபடி ஏத்த முடியாது. எப்போ கொட்டறதுங்கிற முடிவுதான் பைலட்டோட மூளை.

இந்த ‘ஏறு, ஓடு’ கணக்குக்கு ஃபார்முலா கொடுத்த புண்ணியவான் அமெரிக்காவோட பால் மெக்ரெடி. அடுத்த தெர்மல் எவ்வளவு பலமா இருக்கும்னு எதிர்பார்க்கறீங்களோ, அதுக்குத் தகுந்த மாதிரி நடுவுல வேகமா ஓடணும்னு கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1956-ல உலக கிளைடிங் சாம்பியன். அவர் கதையில எனக்குப் பிடிச்ச இடம் அதுக்கு இருபது வருஷம் கழிச்சு வருது. ஒருத்தரோட பிசினஸ் கடனுக்கு மெக்ரெடி ஜாமீன் போட்டிருந்தார். பிசினஸ் படுத்துடுச்சு, ஒரு லட்சம் டாலர் கடன் இவர் தலையில. (ஜாமீன் போடறதுல அமெரிக்காவும் அம்பாசமுத்திரமும் ஒண்ணுதான் போல.) 1976-ல லீவுக்குக் குடும்பத்தோட போனப்போ, வழியெல்லாம் பறவைகள் வட்டம் போடறதைப் பார்த்து வேகமும் சாய்வும் கணக்குப் போட்டுக்கிட்டே போயிருக்கார். மனுஷன் கால் பலத்தாலேயே பறக்கற விமானத்துக்கு ‘க்ரெமர் பரிசு’ன்னு 50,000 பவுண்டு இங்கிலாந்துல காத்திருந்தது. அன்னிக்கு ரேட்டுக்கு அது கிட்டத்தட்ட அவர் கடன் தொகை! எடையைக் கூட்டாம இறக்கையை மட்டும் பெரிசாக்கிக்கிட்டே போனா, பறக்கத் தேவையான பவர் குறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு கட்டத்துல சைக்கிள் மிதிக்கிற ஆளோட பவரே போதும்னு அவருக்குப் பொறி தட்டிச்சு.

அப்படிப் பிறந்ததுதான் ‘காஸமர் காண்டர்’. இறக்கை நீளம் 29 மீட்டர், ஒரு பெரிய ஜெட் விமானத்து சைஸ். எடை வெறும் 32 கிலோ. அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் ஷீட், பியானோ கம்பி. ஆளையும் சேர்த்து லோடிங் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கும் கீழ, அதாவது பருந்தைவிட லேசு. வேகம் நம்ம ஊர் சைக்கிளுக்குச் சமம். 1977 ஆகஸ்ட் 23-ஆம் தேதி கலிஃபோர்னியாவுல பிரையன் ஆலன்னு ஒரு சைக்கிள் வீரர் அதை மிதிச்சு எட்டு வடிவத்துல சுத்தி வந்து பரிசைத் தட்டிட்டார்.

இப்போ உங்க மனசுல ஒரு முடிவு வந்திருக்கும். ‘அப்போ இறக்கை எவ்வளவு பெரிசோ, எடை எவ்வளவு கம்மியோ, அவ்வளவு நல்லது. ரேஸ்தானே நமக்கு வேணாம்?’ அங்கேதான் தென்காசிக் காத்து குறுக்க வருது.

தென்காசிக் கோபுர வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும், உள்ளே நுழையறப்போ எதிர்க்காத்து நெஞ்சுல கை வெச்சுத் தள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவர்ல செங்கோட்டைக் கணவாய் ஒரு ஜன்னல். ஜூன் மாசம் தென்மேற்குப் பருவக்காத்து அந்த ஜன்னல் வழியா பிதுங்கிக்கிட்டு வரும். சுரண்டை பக்கம் வரைக்கும் காத்தாலை நட்டு வெச்சிருக்கிறது சும்மா இல்லை. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் விழற காத்து நேரா வராது, பாறையில மோதின ஆத்துத் தண்ணி மாதிரி உருண்டு புரளும். அந்தக் காத்துல தெர்மல் நிமிர்ந்து நிக்காது, கிழிஞ்சு போயிடும். காஸமர் காண்டரை அங்கே விட்டா அஞ்சு நிமிஷத்துல தோரணம்தான். அவ்வளவு லேசான விமானம் காத்து அசையாத நேரத்துக்குத்தான் லாயக்கு.

பருந்து என்ன பண்ணுதுன்னு சாரல் சமயத்துல கவனிங்க. இறக்கையை முழுசா விரிக்காது. மடக்கி, எம் எழுத்து மாதிரி ஒடுக்கி, காத்தைக் கிழிச்சுக்கிட்டு முன்னால போகும். எடை அதே எடைதான், இறக்கைப் பரப்பு குறைஞ்சதால லோடிங் கூடிடுச்சு. ஒல்லி ஒரு நொடியில குண்டாயாச்சு! அப்புறம் பிப்ரவரி, மார்ச் மாசக் காலை வெயில்ல, கிழக்கே பார்த்த மலைச் சரிவு சீக்கிரமே சூடாகும்போது பாருங்க. விரல் விரிச்ச மாதிரி இறகெல்லாம் விரிச்சு, அகலமா, ஆடாம அசையாம வட்டம். கிளைடர்காரங்க ஒரே ஒரு தடவை தண்ணி கொட்டி மாத்திக்கறதை, பருந்து நாளைக்கு ஆயிரம் தடவை தோளை அசைச்சு மாத்திக்குது. எந்த எஞ்சினீயரும் இன்னும் அந்த அளவுக்குச் செய்யலை.

பாராகிளைடர்காரங்ககிட்ட கொஞ்சம் வித்தை உண்டு. அவசரத்துக்கு ரெண்டு ஓரத்தையும் கயித்தால இழுத்து மடிச்சு இறக்கையைச் சின்னதாக்கிடுவாங்க, ‘பிக் இயர்ஸ்’னு பேரு. ஆனா மெயின் முடிவைத் தரையிலேயே எடுத்தாகணும்: எந்த எடைக்கு எந்த சைஸ்? ஒவ்வொரு பாராகிளைடர்லயும் ஒரு லேபிள் தைச்சிருப்பாங்க. குறைஞ்சபட்சம் இத்தனை கிலோ, அதிகபட்சம் இத்தனை கிலோ. அது உங்க எடை மட்டுமில்லை. இறக்கை, சீட், ஹெல்மெட், ஷூ, பையில இருக்கிற கேமரா எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு. சாமானே 15, 20 கிலோ வந்துடும்.

ஏன் இவ்வளவு கறார்? 85-லேருந்து 105 கிலோ வரைன்னு எழுதின இறக்கையில, எல்லாம் சேர்த்து 72 கிலோ வர்ற ஒரு பொண்ணு ஏறினா, 95 கிலோ ஆளுக்கு மணிக்கு 38 கிலோமீட்டர் பறக்கற இறக்கை அவளுக்கு 33-தான் பறக்கும். தெர்மல்ல ஜோரா ஏறுவா, சந்தேகமே இல்லை. எதிர்க்காத்து 35-ஐத் தொட்டா? முன்னால பார்த்துக்கிட்டே பின்னால போவா. பின்னால மலைச்சரிவோ கரண்ட் கம்பியோ இருந்தா என்ன ஆகும்னு நான் எழுத வேணாம். அது மட்டுமில்லை, துணி இறக்கையை விறைப்பா வெச்சிருக்கிறது உள்ளே அடைபட்ட காத்தும் கீழ தொங்கற எடையும்தான். எடை பத்தாட்டி காத்து குலுங்கறப்போ இறக்கை சட்டுனு மடங்கும். மறுபக்கம், 105-க்கு மேல 120 கிலோவோட போனா இறக்கை விறைப்பா இருக்கும், ஆனா எல்லாமே வேகம். தரையில வந்து இறங்கற வேகமும்! மடங்கினா உதறல் முரட்டுத்தனமா இருக்கும்.

செமஸ்டர் லீவுக்கு வாகமன் போறவங்க, பணம் சேர்த்து 2015-ல உலகக் கோப்பைப் போட்டி நடந்த இமாசலத்து பீர்-பில்லிங் வரைக்கும் போறவங்க நம்ம செட்டுலயே இருக்காங்க. முதல் தடவைன்னா தனியா பறக்க விட மாட்டாங்க, பைலட்டுக்கு முன்னால உங்களைக் கட்டித் தொங்க விடற ‘டேண்டம்’தான். அந்த இறக்கை சுமார் 40 சதுர மீட்டர் இருக்கும். ரெண்டு பேரும் சாமானும் சேர்த்து 120 கிலோவிலேருந்து 220 கிலோ வரைன்னு போட்ட மாடல்கள் சகஜம். 48 கிலோ ஃப்ரெண்டுக்கும் 98 கிலோ ஃப்ரெண்டுக்கும் ஒரே பைலட், ஒரே இறக்கைன்னு சொன்னா, லேபிள்ல போட்டிருக்கிற ரேஞ்ச் என்னன்னு தாராளமா கேளுங்க. நல்ல பைலட் கோபப்பட மாட்டார், கேட்கறதுக்கு முன்னாலேயே உங்களைத் தராசுல நிக்க வெச்சிருப்பார். தராசே இல்லாத இடத்துல ‘எவ்வளவு தம்பி வெயிட்?’னு வாயால கேட்டா, ஆர்குட் புரொஃபைல் காலத்து நம்பரைச் சொல்லாதீங்க. போன வாரம் தின்ன புரோட்டாவையும் சேர்த்துச் சொல்லுங்க.